நாயைத் துரத்திய முயலும் மரமேறிய கூகரும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அவசர வேலை இருப்பவர்கள் சாயங்காலம் வாசித்துக்கொள்ளலாம்.

"சார், முத்து, சங்கு, உப்பு, கப்பல்னு கடற்கரைக் கதையாவே எழுதுதீங்க. கரிசக்காட்டுப் பக்கம் வரவே மாட்டேங்கீங்களே. நீங்க முப்பது வருசம் சம்பளம் வாங்குனது எங்க ஊர்லதான?" என்று ஒரு பழைய மாணவர் போனில் கேட்டார். கேட்டது நியாயம். ஆனால் எதை எழுதுவது என்று பிடிபடாமல் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பேரன் செல்போனை நீட்டி, "தாத்தா, இதப் பாருங்க" என்று ஒரு வீடியோ காட்டினான். அதிலிருந்து பிடித்துக்கொண்டேன்.

வீடியோவில் அமெரிக்க மலைக்காடு. முழங்கால் அளவு பனி. நாலைந்து நாய்கள் ஊளையும் குரைப்புமாக ஓடுகின்றன. பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டு பேர். ஒருவர் வழிகாட்டி, நாய்களுக்குச் சொந்தக்காரர். இன்னொருவர் ஆயிரக்கணக்கான டாலர் கட்டி வந்த விருந்தாளி. கடைசியில் ஒரு பைன் மரத்தடியில் நாய்கள் முன்னங்காலைத் தூக்கி வைத்துக் கத்துகின்றன. மேலே கிளையில் ஒரு கூகர் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருக்கிறது. பூமா, மலைச் சிங்கம் என்றெல்லாம் சொல்வது இந்த விலங்கைத்தான். சிங்கம் என்று பேர்தானே தவிர, அதற்குக் கர்ஜிக்க வராது. நம் வீட்டுப் பூனை மாதிரி உறுமிக்கொண்டு கிடக்கும்.

பேரன் கேட்டான்: "இவ்ளோ பெரிய புலி ஏன் தாத்தா நாய்க்குப் பயந்து மரத்துல ஏறுது? ஒரு அடி போட்டா நாய் செத்துராதா?"

நல்ல கேள்வி. வளர்ந்த ஆண் கூகர் அறுபது எழுபது கிலோ இருக்கும். நாய் அதில் பாதி கூட இருக்காது. ஆனால் கூகர் தனியாக வாழும் பிராணி. காலில் ஒரு காயம் பட்டால் அதற்கு வேட்டை இல்லை, சோறு இல்லை. கூட்டமாக வருகிற ஓநாய்களோடு ஒரே காட்டில் காலங்காலமாக வாழ்ந்ததால், கூட்டமாகக் குரைப்பு கேட்டால் மரமேறுவது அதன் ரத்தத்தில் ஊறிவிட்டது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். இன்னொன்று, பூனை இனம் குறுகிய தூரம் மின்னலாகப் பாயும். நெடுந்தூர ஓட்டத்துக்கு அதனிடம் மூச்சு கிடையாது. நாய்க்கு நெடுந்தூரம்தான் பலம். நம் சிறுத்தையோ நேர் எதிர். அது ஊருக்குள் வந்து நாயைத்தான் தூக்கிக்கொண்டு போகும். அதனால் நாயை விட்டுச் சிறுத்தையை மரமேற்றும் தொழில் நம் பக்கம் வளரவில்லை.

சரி, நம் பக்கம் என்ன வளர்ந்தது?

பனிக்காட்டு நாய்க்கு மூக்குதான் முதல். ராத்திரி பெய்த புதுப்பனியில் கூகரின் காலடியை வழிகாட்டி கண்டுபிடிப்பார், நாய் அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு போகும். மரங்கள் அடர்ந்த இடத்தில் நாய் எங்கே போனது என்று கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அது கத்திக்கொண்டே ஓட வேண்டும். தடத்தில் ஓடும்போது ஒரு குரல், மரத்தடியில் நின்றுவிட்டால் வேறு குரல். வேட்டைக்காரர் காதால் வேட்டையைத் தொடர்வார். இப்போது கழுத்துப் பட்டையில் ஜிபிஎஸ் வந்துவிட்டது, அது வேறு விஷயம்.

கரிசல் நாய் இதற்கு முற்றிலும் மாறு. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்தைப் பழைய நாளில் பார்த்தவர்களுக்குத் தெரியும். பருத்தியும் கம்பும் அறுத்த பிறகு மாசி, பங்குனியில் கண்ணுக்கு எட்டிய மட்டும் வெட்டவெளி. அங்கே மூக்கு எதற்கு? கண்தான் வேண்டும். ஒல்லி உடம்பு, இறங்கிய நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட கால், கூர்மூஞ்சி. முயல் எழும்பியதைப் பார்த்த நொடியில் பாயும். சத்தமே வராது. கத்தினால் மூச்சு வீண். சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் இப்படிப்பட்டவை. சிப்பிப்பாறை என்பது கோவில்பட்டிக்கு வடக்கே விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிற ஊரின் பெயர். கன்னி பெரும்பாலும் கறுப்பு உடம்பும் செம்பழுப்புக் காலும் கொண்டது. கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்ததால் கன்னி என்று பேர் வந்ததாகச் சொல்வார்கள். இரண்டும் ஒரே இனத்தின் இரண்டு நிறமா, வேறு வேறு இனமா என்று கேட்டால் டீக்கடையில் அடிதடி நடக்கும். நான் அந்தப் பஞ்சாயத்துக்கு வரவில்லை. ராஜபாளையம் நாயும் தேனிப் பக்கத்துக் கோம்பை நாயும் கனத்த உடம்புக்காரர்கள். காட்டுப்பன்றிக்கும் காவலுக்கும் அவை.

வெள்ளைக்காரர்கள் இந்த நாய்களைப் பாளையக்கார நாய் என்ற பொருளில் "போலிகர் ஹவுண்ட்" என்று எழுதினார்கள். பாளையக்காரர்களுக்கும் வேட்டை நாய்க்கும் உள்ள உறவுக்கு நம் மாவட்டத்திலேயே பெரிய கதை இருக்கிறது. நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

கட்டபொம்மனின் முன்னோர் சாலிகுளம் பக்கத்துக் காட்டுக்கு வேட்டைக்குப் போனார்களாம். ஏழு வேட்டை நாய்கள். ஒரு முயல் எழும்பி ஓடியது. நாய்கள் துரத்தின. ஓர் இடம் வந்ததும் முயல் சட்டென்று நின்று திரும்பி ஏழு நாய்களையும் எதிர்த்து விரட்டியதாம். இந்த மண்ணுக்கு வீரம் இருக்கிறது என்று அங்கேயே கோட்டை கட்டி, பாட்டனார் பாஞ்சாலன் பெயரால் பாஞ்சாலங்குறிச்சி என்று வைத்தார்கள். அந்தக் கோட்டையைத்தான் 1799-ல் பானர்மேன் படையெடுத்து வந்து முற்றுகையிட்டான். அந்த ஆண்டு அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801-ல் ஊமைத்துரை காலத்துச் சண்டைக்குப் பிறகு கோட்டை இருந்த இடமே தெரியாமல் இடித்தார்கள். இன்று பள்ளிச் சுற்றுலாவில் பிள்ளைகள் பார்ப்பது அரசு 1974-ல் எழுப்பிய நினைவுக் கோட்டை.

கதை உண்மையா? இதே கதையை விஜயநகரத்துக்கும் சொல்கிறார்கள். ஹரிஹரரும் புக்கரும் வேட்டைக்குப் போனபோது துங்கபத்திரைக் கரையில் முயல் நாயைத் துரத்தியதாம். 1411-ல் அகமதாபாத் உண்டானதற்கும் இதே கதைதான், அங்கே சுல்தான் அகமது ஷா. ஆக, பாஞ்சாலங்குறிச்சிக் கதை வடக்கிலிருந்து வந்த நாயக்கர் வழியில் கூடவே வந்திருக்கலாம் என்பது என் அனுமானம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ராஜ்ஜியம் அமைக்க இடம் பார்க்கிறவனுக்கு மண்ணைப் பற்றிச் சொல்ல ஜோசியனோ முனிவரோ மட்டும் போதவில்லை. வேட்டை நாயும் தேவைப்பட்டிருக்கிறது. நாய் தோற்றுப்போன இடம்தான் நல்ல இடம். வேட்டைநாயை அவ்வளவு உயர்வாக நினைத்தவர்கள்தான் இப்படி ஒரு கதை கட்ட முடியும்.

அதற்கும் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நாய்க்கு நடுகல் வைத்த நாடு இது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல்லில் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அந்த நாயின் பெயரையே கல்லில் வெட்டி, அது கள்ளனைக் கடித்துக் காவல் காத்த செய்தியையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அது வேட்டை நாயல்ல, காவல் நாய். இருந்தாலும் சொல்லாமல் போக மனமில்லை.

இப்போது கடலைத் தாண்டுவோம். தூத்துக்குடிக்காரனுக்கு மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தூரமில்லை.

சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், பிற்காலத்தில் ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு உலகுக்குச் சொன்னவர், வாலிப வயதில் இலங்கையில் இருந்தார். 1848-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் ஒரு குடியேற்றத்தையே கொண்டுவந்து நுவரெலியாவில் இறக்கினார். ஆட்கள், கலப்பை, காளை, பசு, குதிரை, கூடவே நரிவேட்டை நாய்க் கூட்டம் ஒன்று, பிரான் என்ற கிரேஹவுண்டு ஒன்று. அந்தச் சீமைப் பசு மலைப்பாதை ஏறி முடிக்கும் முன்பே செத்துப்போனது. நாய்கள் பிழைத்தன.

நுவரெலியா 6,000 அடிக்கு மேல். பனி பெய்து மூடும் ஊரல்ல. ஆனால் தை, மாசியில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும். அந்தக் குளிரில் விடியற்காலையில் பேக்கர் நாய்களோடு காட்டுக்குள் இறங்குவார். துரத்தியது அவர் "எல்க்" என்று எழுதிய விலங்கை. அது எல்க் அல்ல. நாம் கடமான் என்போம், இலங்கைத் தமிழர் மரை என்பார்கள், நம் நெல்லைச் சீமையில் மிளா. நாய்கள் வாடை பிடித்துக் கத்திக்கொண்டு ஓட, மிளா ஓடி ஓடிக் கடைசியில் ஆற்று மடுவுக்குள் இறங்கி, தண்ணீரில் நின்று கொம்பை ஆட்டி எதிர்க்கும். பேக்கர் துப்பாக்கி எடுக்க மாட்டார். நாய்கள் பிடித்து நிறுத்த, கத்தியோடு தண்ணீரில் இறங்குவார். துப்பாக்கியால் சுடுவது ஆண்மையில்லை என்பது அவர் எண்ணம். 1850-களில் அவர் எழுதிய "இலங்கையில் துப்பாக்கியும் வேட்டைநாயும்" என்ற பொருள்படும் புத்தகத்தில் ஒவ்வொரு நாய்க்கும் பெயர், குணம், சாவு எல்லாம் உண்டு. கொம்பு குத்திச் செத்தவை, ஆற்றோடு போனவை, சிறுத்தை தூக்கிப்போனவை. நான் முன்னே சொன்னேனே, நம் பக்கத்துச் சிறுத்தை நாய்க்குப் பயப்படாது என்று. பேக்கர் அதை நாய்களை இழந்து கற்றார்.

அந்தப் புத்தகத்தைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. நாய்களுக்கு அத்தனை பக்கம் ஒதுக்கியவர், மூட்டை சுமந்தவர்களையும் தடம் காட்டியவர்களையும் பெரும்பாலும் கூட்டமாகத்தான் எழுதுகிறார். அதே காலத்தில்தான் நம் தென்மாவட்டத்து ஜனங்கள் அந்த மலைகளில் காப்பிச் செடி நட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே தட்டப்பாறையில் முகாம் போட்டு, ஆட்களைத் தங்க வைத்துச் சோதித்து, கொழும்புக்குக் கப்பலேற்றினார்கள். அந்த முகாம் இருந்த ஊர் வழியாகத்தான் நான் பல வருடம் பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தேன்.

வழிகாட்டியின் பெயர் தங்கிய வேட்டைகளும் உண்டு. 1901 ஜனவரியில் அமெரிக்கத் துணை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு இன்னும் பதவி ஏற்காத தியோடர் ரூஸ்வெல்ட், கொலராடோ மாநிலத்தில் மீக்கர் என்ற ஊர்ப் பக்கம் கூகர் வேட்டைக்குப் போனார். நல்ல பனிக்காலம். வழிகாட்டி ஜான் காஃப். நாய்கள் காஃபுடையவை. தடம் பிடிக்கிற நாய் தனி, சண்டை போடுகிற நாய் தனி. ஐந்து வாரத்தில் அந்தக் குழு கொன்றது 14 கூகர். அதில் 12 ரூஸ்வெல்ட் கையால். சிலவற்றை, நாய்கள் அமுக்கிப் பிடித்திருக்க, கத்தியால். அந்த வருடம் செப்டம்பரில் மெக்கின்லி சுடப்பட்டு இறக்க, இவர் ஜனாதிபதி ஆனார்.

அடுத்த வருடம் 1902 நவம்பரில் மிசிசிப்பியில் கரடி வேட்டை. இந்த முறை வழிகாட்டி ஹோல்ட் காலியர். அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர், அந்த வட்டாரத்தில் அவருக்கு மிஞ்சிய வேட்டைக்காரர் இல்லை. அவர் நாய்கள் ஒரு கரடியை வளைத்தன. ஜனாதிபதி வந்து சேரும் வரை அதைக் கொல்லாமல் வைத்திருக்க வேண்டுமே என்று காலியர் கயிறு போட்டு மரத்தில் கட்டினார். ரூஸ்வெல்ட் வந்து பார்த்து, கட்டிப்போட்டதைச் சுட மாட்டேன் என்றார். பெர்ரிமேன் என்பவர் அதைக் கேலிச்சித்திரமாகப் போட, அதிலிருந்து பிறந்ததுதான் பிள்ளைகள் கட்டிக்கொண்டு தூங்கும் டெடி பேர் பொம்மை. ஜனாதிபதியின் பெருந்தன்மையைச் சொல்கிறவர்கள், கரடியை உயிரோடு பிடித்துக் கயிறு போட்டவரைச் சொல்வதில்லை. அந்தக் கரடியும் பிழைக்கவில்லை, கத்தியால் முடித்தார்கள்.

எங்கள் வீட்டு வேட்டைக்கு ஜனாதிபதி யாரும் வரவில்லை. ஜமீன்தார் வந்த காலம் உண்டு என்று தாத்தா சொல்வார். ஜமீன் நாய்க்குட்டியைச் சம்சாரி வீட்டில் கொடுத்து வளர்க்கச் சொல்வார்களாம். கூழ் ஊற்றுவது நம் வீடு, வேட்டைக்குப் போவது ஜமீன் கூட. 1948 சட்டத்தில் ஜமீன் ஒழிந்தது. நாய் சம்சாரி வீட்டிலேயே தங்கிவிட்டது.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது பெரியப்பா என்னை ஒரே ஒரு முறை கூட்டிப்போனார். விடியலுக்கு முன்னே எழுப்பி, "சத்தங் காட்டாம வாலே" என்றார். ஆறேழு பேர். இரண்டு கன்னி நாய். எங்கள் நாய்க்குக் கருப்பி என்று பேர். கழுத்தில் கயிறு. வரப்போடு வரப்பாக ஆட்கள் வரிசையாக விலகி நின்று, கம்பால் தட்டிக்கொண்டே நடந்தார்கள். என் காலடியில் மண்கட்டி போல் கிடந்தது திடீரென்று எழும்பி ஓடியது. பெரியப்பா கயிற்றை விட்டார்.

அந்த ஓட்டத்தை எழுத எனக்கு வார்த்தை போதாது. நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பும், உடம்பு வில்லாக வளைந்து நிமிரும். முயல் நேராக ஓடாது. நாய் வாய் எட்டும் நேரத்தில் வெட்டித் திரும்பும். நாய் வேகத்தில் பத்தடி தாண்டிப் போய் புழுதி பறக்கத் திரும்பும். அதற்குள் முயல் முன்னே. நாலு முறை வெட்டியது. ஐந்தாவது முறை ஓடை ஓரத்து உடைமரப் புதருக்குள் நுழைந்துவிட்டது. கருப்பி புதருக்கு வெளியே நின்று நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தது. அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. பெரியப்பா சிரித்துக்கொண்டே, "நம்ம முயலு பாஞ்சாலங்குறிச்சி முயலுலே" என்றார்.

அந்தப் புதரைப் பற்றி ஒரு வார்த்தை. என் கண்முன்னே சீமைக்கருவேலம் கரிசலை மூடியது. தரிசு விழுந்த இடமெல்லாம் முள். வேட்டையைச் சட்டம் நிறுத்தியது என்கிறார்கள். சட்டத்துக்கு முன்னாலேயே பாதியை இந்த முள்தான் நிறுத்தியது என்பேன். கண்ணால் பார்த்து ஓடும் நாய்க்கு வெட்டவெளி போனால் என்ன மிச்சம்? முள்ளுக்குள் பாய்ந்தால் கண் போகும், கால் கிழியும். வெளிமானுக்கும் இதே கதைதான். பெயரிலேயே வெளி இருக்கிறது. இன்று நம் மாவட்டத்தில் அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் வல்லநாட்டு மலைக்குத்தான் போக வேண்டும். 16.41 சதுர கிலோமீட்டர் சரணாலயம், 1987-ல் அறிவிக்கப்பட்டது.

சட்டமும் வந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். முதலில் சிறு விலங்கு வேட்டைக்கு உரிமம் வாங்க அதில் இடமிருந்தது. 1991 திருத்தத்தில் அந்த வாசலும் அடைபட்டது. எங்கள் ஊரில் யாரும் உரிமம் என்ற சொல்லையே கேட்டதில்லை, அதனால் அடைபட்டதும் தெரியாது.

இனி எழுதுவதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

தொண்ணூறுகளில் ஒரு நாள். ஐந்தாம் வகுப்பு. வனவிலங்குப் பாடம். "முயலை அடிக்கலாமா?" என்று கேட்டேன். பிள்ளைகள் கோரஸாக "அடிக்கக் கூடாது சார்" என்றார்கள். ஒரு பையன் மட்டும் எழுந்து, "நேத்து எங்க வீட்ல முயக்கறி சார். எங்க அய்யா நாய் புடிச்சது" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப் டீக்கடையில், பழக்கப்பட்ட வனக்காவலர் ஒருவரிடம் இதை வேடிக்கையாகச் சொன்னேன். எந்த வீட்டுப் பையன் என்று கேட்டார். சொன்னேன்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால் என்ன ஆகப்போகிறது? பத்து நாளில் பையனின் அப்பாவை இரண்டு முயலோடு பிடித்தார்கள். அபராதம். அவர் இரண்டு ஏக்கர் மானாவாரிச் சம்சாரி. ஆட்டை விற்றுக் கட்டினார். நாயை ஊர்ப் பயத்தில் வெளியே அவிழ்க்கவே இல்லை. ஓடிப் பழகிய நாய் கட்டிலேயே கிடந்து மெலிந்து, அந்த வருடம் செத்துப்போனது. பையன் ஆறாம் வகுப்புக்குப் போகவில்லை, தீப்பெட்டி ஆபீசுக்குப் போனான். நான் வீட்டுக்குப் போய் மறுபடி பள்ளிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டேன். அவன் அப்பா என்னை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் வைத்து அந்தப் பையன்தான் கேட்டான்: "சார், முயல அடிச்சா தப்பு. நாய் பட்டினியாக் கிடந்தா தப்பு இல்லையா?"

சட்டம் தப்பு என்று இன்றும் சொல்ல மாட்டேன். அந்தச் சட்டம் இல்லையென்றால் வல்லநாட்டில் மான் மிஞ்சியிருக்காது. ஆனால் பல தலைமுறையாக ஒரு வேலைக்கென்றே வளர்த்த பிராணியின் வேலையை ஒரு நாளில் நிறுத்தியபோது, அதை என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. அமெரிக்காவில் இதை வேறு மாதிரி சண்டை போட்டுத் தீர்க்கிறார்கள். 1990-ல் கலிபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு கூகர் வேட்டையையே நிறுத்தினார்கள். 1994-ல் ஓரிகன், 1996-ல் வாஷிங்டன் மாநில மக்கள் நாய் விட்டு வேட்டையாடுவதை நிறுத்தினார்கள். ரூஸ்வெல்ட் வேட்டையாடிய கொலராடோவில் 2024 நவம்பரில் தடை கேட்டு ஓட்டெடுப்பு வைத்தபோது, வேண்டாம் என்று மக்கள் தள்ளிவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது ஐடஹோ மாநிலக் கதை. மாரிஸ் ஹார்னாக்கர் என்ற இளம் ஆராய்ச்சியாளர் 1964-ல் அங்கே கூகரைப் பற்றி ஆராயத் தொடங்கினார். காட்டில் கூகர் எத்தனை, எப்படி வாழ்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. கண்ணிலேயே படாத விலங்கை எப்படி எண்ணுவது? அவர் தேடிப்போனது வில்பர் வைல்ஸ் என்ற உள்ளூர் வேட்டைக்காரரை. வைல்ஸின் நாய்கள் பனியில் தடம் பிடித்து கூகரை மரமேற்றும். சுடுவதற்குப் பதில் மயக்க ஊசி. மயங்கிய விலங்கை இறக்கி, எடை பார்த்து, அடையாளம் போட்டு, எழுந்து போக விடுவார்கள். பல குளிர்காலம் இருவரும் நடந்தே இதைச் செய்தார்கள். கூகர்கள் எல்லை பிரித்துக்கொண்டு தங்கள் எண்ணிக்கையைத் தாங்களே கட்டுக்குள் வைக்கின்றன, மான் கூட்டத்தை அவை அழித்துவிடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கூகரைப் பற்றிய பார்வை மாறுவதற்கு அந்த ஆராய்ச்சி பெரிய காரணம். அதே நாய், அதே தடம், அதே மரம், அதே வேட்டைக்காரர்.

நம்மிடமும் வேட்டை அறிந்த ஆட்கள் இருந்தார்கள். எந்த ஓடையில் எத்தனை முயல், எந்த மாதம் குட்டி போடும் என்று பெரியப்பா வகையறாவுக்குத் தெரிந்தது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்களைப் பிடித்து அபராதம் போட்டோம், கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. இப்போது அதே கரிசலில் மக்காச்சோளக் காட்டைக் காட்டுப்பன்றி உழுது போடுகிறது என்று விவசாயிகள் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாய்க்கு இன்று மவுசு வந்திருக்கிறது. 2005-ல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பேர் சொன்னார். தியடோர் பாஸ்கரன் ஐயா இந்திய நாய் இனங்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். சென்னை அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் கன்னி வளர்க்கிறார்கள். சந்தோஷம்தான். சோபாவில் படுத்திருக்கும் கன்னியின் போட்டோவைப் பார்க்கும்போது மட்டும் எனக்குக் கருப்பி ஞாபகம் வரும்.

முதலில் சொன்னேனே, கரிசலைப் பற்றி எழுதவில்லை என்று குறைப்பட்ட மாணவர். அவர்தான் அந்தப் பையன். தீப்பெட்டி ஆபீஸ், லாரி கிளீனர், டிரைவர் என்று வந்து, இப்போது சொந்தமாக ஒரு லாரி வைத்து இங்கே உப்பு லோடு ஏற்றுகிறார். வீட்டில் ஒரு கன்னி வளர்க்கிறார். இந்தப் பதிவை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன். டீக்கடை விஷயத்தை இத்தனை வருடம் அவரிடம் நான் சொன்னதில்லை. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அய்யாவுக்குத் தெரியும் சார். வனக்காவலரே சொல்லிட்டாரு. உங்ககிட்ட காட்டிக்கிடக் கூடாதுன்னு எங்ககிட்ட சொன்னாரு" என்றார்.

நேற்று விடியற்காலை என்னை பைக்கில் உப்பளத்துக்குக் கூட்டிப்போனார். மழைக்காலம், பாத்தி வேலை இல்லை. ஆள் நடமாட்டம் இல்லாமல் அடிவானம் வரை தட்டையாகக் கிடந்தது. முள் கிடையாது, முயலும் கிடையாது. கயிற்றை அவிழ்த்தார். நாய் ஒரு நிமிடம் நின்று சுற்றிப் பார்த்தது. தூரத்தில் ஏதோ ஒரு பறவை எழும்பியது. அவ்வளவுதான், பாத்தி வரப்பைத் தாண்டித் தாண்டி, தேங்கிய தண்ணீர் தெறிக்க, கடல் பக்கமாக ஓட ஆரம்பித்தது.

"வந்துருமா?" என்று கேட்டேன்.

"வரும் சார். கொஞ்சம் நேரம் ஆவும்" என்றார். வரப்பில் உட்கார்ந்தோம்.